சும்மா நிற்கும் சொல்

கைலாசத்தின் முகத்தைப் பார்ப்பதற்கு வெகு நாள் முன்பே எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. குரலே போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரோடு வரும் இணைப்பில் என் குறுக்கெழுத்துப் புதிர் அச்சாகும். ஊர் ஜனம் இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டிருக்கும் நேரத்துக்குள் இந்த மனிதர் அதை முடித்துவிடுவார். முடித்தோமா, பேப்பரை மடித்தோமா என்று இருக்கமாட்டார். பத்திரிகையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு குரல் பதிவு அனுப்புவார். சேலத்து அலுவலகத்தில் இருக்கும் உதவி ஆசிரியர் மாதேஸ்வரன் அதை அப்படியே எனக்குத் தள்ளிவிடுவார். பின்னணியில் ரிக் வண்டி ஒன்று உறுமிக்கொண்டே இருக்கும். கைலாசம் திருச்செங்கோட்டில் போர்வெல் முதலாளி. அவருடைய வண்டிகள் வடக்கே எங்கெங்கோ பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தன. இங்கே அவர் என்னைத் துளைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க பேப்பர்காரரே, அந்தச் சாரதாமணி அம்மாகிட்டச் சொல்லிப்போடுங்க. ‘மூட்டை குறுகினால் பண்ணையில் கிடைக்கும்’னு போட்டிருக்காங்க. முட்டைன்னு கண்டுபுடிச்சுட்டனுங்க. ஆனாப் பாருங்க, பண்ணையில கெடைக்கறது முட்டை மட்டுந்தானுங்களா? எருவுங்கூடத்தான் கெடைக்குது. இன்னும் கொஞ்சம் சுத்தமா எழுதச் சொல்லுங்க."

மூட்டை குறுகினால் எரு வருமா என்று நான் கடையில் தனியாகக் கத்தினேன். இருமல் மருந்து வாங்க வந்த ஒருவர் பயந்துபோய் அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

என் புதிரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ‘குளத்துப் பூ’ என்று கேட்டுத் ‘தாமரை’ என்று எழுதவைக்கும் ரகமல்ல அது. ‘கொடு, மானுடன் குளத்தில் பூத்தது (3)’ என்று நான் எழுதுவேன். கொடு என்றால் தா. மான் என்றால் மரை. இரண்டும் சேர்ந்தால் தாமரை, மூன்று எழுத்து. குறிப்பின் ஒரு முனையில் விடைக்கு நேரான பொருள் இருக்கும். மீதிச் சொற்கள் விடையைக் கட்டும் வழியைச் சொல்லும். வாசிக்கும்போது வேறு ஏதோ கதை போலத் தோன்ற வேண்டும். ஆனால் ஒரு சொல்கூட வேலை செய்யாமல் நிற்கக்கூடாது. அதுதான் இந்த ஆட்டத்தின் நாணயம். ஏமாற்றலாம், பொய் சொல்லக்கூடாது.

நாமக்கல்லில் மோகனூர் சாலையில் நானும் என் வீட்டுக்காரர் ராசப்பனும் மருந்துக் கடை வைத்திருக்கிறோம். டாக்டரின் கோழிக்கிறுக்கலைப் படித்து, அட்டையைக் கத்தரித்து, ‘சாப்பாட்டுக்குப் பிறகு’ என்று சொல்லிச் சொல்லி வாய் புளித்துப்போன பிழைப்பு. என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். மருந்துக்கடைக்காரம்மா, அவ்வளவுதான். வாரத்தில் ஒரு நாள் மட்டும் அந்தக் கட்டத்தின் தலையில் ‘அமைப்பு: சாரதாமணி, நாமக்கல்’ என்று அச்சாகும். அதைப் பார்க்கும்போது எனக்கு வரும் சந்தோஷத்தை நான் மறைக்க மாட்டேன். வேறு எதிலும் எனக்கு அந்தச் சந்தோஷம் வந்ததில்லை. ராசப்பனுக்கு இது தெரியும். அதனால்தான், நான் மாத்திரை டப்பாவின் முதுகில் சொற்களைக் கலைத்துப்போட்டு அடுக்கிக்கொண்டிருக்கும்போது அவரே கல்லாவுக்கு வந்துவிடுவார்.

போன ஆடி மாதம் மாதேஸ்வரன் போன் செய்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இணைப்புல பக்கம் குறைக்கிறாங்க. உங்க புதிருக்கு ரெஸ்பான்ஸ் என்னன்னு எடிட்டர் கேக்கறாரு."

"கட்டத்தை நிரப்பறவங்க நிரப்பிக்கிட்டுத்தானுங்க இருக்காங்க. நிரப்பி முடிச்சவங்க எதுக்கு உங்களுக்குப் போன் பண்ணப் போறாங்க?"

"அது எனக்குத் தெரியும் மேடம். அவருக்கு மெசேஜ் வேணும். வர்றது அந்த ரிக் வண்டிக்காரர் மெசேஜ் ஒண்ணுதான். அவரும் இல்லைன்னா போன மாசமே தூக்கியிருப்பாங்க. அவரு திட்டுறதாலதான் நீங்க நிக்கறீங்க."

இதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரை வாராவாரம் கரித்துக் கொட்டினேனோ அந்த ஆளின் தயவில் நான் அச்சாகிக்கொண்டிருந்தேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் கோபத்திலும் மூளை வேலை செய்தது. அவர் திட்டினால் பக்கம் நிற்கும் என்றால், திட்டட்டும். நன்றாகத் திட்டுவதற்கு நாமே வகை செய்து கொடுப்போம் என்று முடிவு செய்தேன்.

அந்த வாரத்துக்கு நல்ல குறிப்பு ஒன்று வைத்திருந்தேன். ‘கைக்குள் அகப்பட்ட ராமன் மகன் கால் இழந்தான், ஊரில் அடிதடி (5)’. கை என்றால் கரம். ராமன் மகன் லவன், கடைசி எழுத்தான காலை இழந்தால் லவ. அதைக் கரத்துக்குள் வைத்தால் கலவரம். எழுதி முடித்தபோது நானே என் முதுகில் தட்டிக்கொண்ட குறிப்பு. அதில் ‘மறுபடியும்’ என்று ஒரு சொல்லைச் செருகினேன். ‘ராமன் மகன் மறுபடியும் கால் இழந்தான்.’ அந்தச் சொல்லுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. வாசலில் செருப்புக்குக் காவல் நிற்பவன் மாதிரி சும்மா நின்றது. அதை அனுப்பும்போது கை கொஞ்சம் கூசியது. அனுப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை சத்தமில்லை. பொழுது சாயும்போதுதான் குரல் பதிவு வந்தது. நான் எதிர்பார்த்ததைவிடப் பெரியது.

"ஏனுங்க, ‘மறுபடியும்’னு ஒண்ணு நிக்குதே, அது என்ன பண்ணுதுங்க அங்க? ரண்டு தடவ வெட்டோணுமாக்கும்னு நெனச்சு வெட்டிப் பாத்துப்போட்டேன். ஒண்ணும் வரமாட்டேங்குது. மத்தியானச் சோறே உங்குல. கடைசில பாத்தா அதுக்கு ஒரு வேலையும் இல்ல! இது அநியாயமுங்க. இந்தம்மா இப்பிடிப் பண்றவங்க இல்லீங்களே!"

மாதேஸ்வரன் அதை எழுத்தாக்கி அடுத்த வாரம் புதிருக்குக் கீழே போட்டார். பதில் எழுதச் சொன்னார். நான் எழுதினேன்: ‘பூமிக்குள் ஆயிரம் அடி போகிறவருக்கு ஒரு வரிக்குள் போகத் தெரியவில்லை. அந்தச் சொல் புடவைக்கு ஜரிகை மாதிரி.’ அதற்கு அவர் அடுத்த வாரம், ‘ஜரிகை வேண்டாம், கிழிசல் இல்லாமல் இருந்தால் போதும்’ என்றார். ஜனங்களுக்குப் புதிர் பிடிக்கிறதோ இல்லையோ, சண்டை பிடிக்கும். ஓமலூரிலிருந்தும் கெங்கவல்லியிலிருந்தும் ஆட்கள் எழுத ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் என் கட்சி, பாதிப் பேர் அவர் கட்சி. அம்மாபேட்டையில் ஒரு தறிப்பட்டறையில் எங்கள் சண்டையைச் சத்தமாக வாசிக்கிறார்கள் என்று மாதேஸ்வரன் சொன்னபோது நான் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தேன். என் புதிர் பக்கத்தின் அடியிலிருந்து மேலே ஏறியது. என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டார்கள்.

நான் வாரம் தவறாமல் ஒரு சும்மாச் சொல்லை வைத்தேன். ஒரு வாரம் ‘நேற்று’. ஒரு வாரம் ‘பாவம்’. ஒரு வாரம் ‘மெதுவாக’. நல்ல குறிப்பை எழுதுவதைவிடக் குறிப்பைச் சரியான இடத்தில் கெடுப்பதற்குத்தான் அதிக நேரம் ஆனது. கைலாசம் ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து வரிந்துகட்டிக்கொண்டு வந்தார். அவரை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை இரவு தூக்கம் வராமல் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று யோசித்துக்கொண்டு படுத்திருந்தேன் என்பதும் உண்மை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிவு வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. மூன்றாவது வாரம் ஒரே குறிப்பில் இரண்டு சும்மாச் சொற்களை வைத்துப் பார்த்தேன். குருடனுக்குக்கூடக் கண்ணில் படும். அப்போதும் அவர் மூச்சு விடவில்லை. மாதேஸ்வரனைக் கேட்டால், "பிஸியா இருப்பாரு மேடம்" என்று மழுப்பினார். அவருக்கு உடம்புக்கு ஏதாவது என்று நான் கவலைப்பட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு வந்தது கோபம்தான். சண்டைக்குக் கூப்பிட்டு நடுவழியில் விட்டுவிட்டுப் போவதா? கடையை ராசப்பனிடம் விட்டுவிட்டுத் திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அவருடைய பட்டறையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வெளியே நின்ற ரிக் வண்டிகளில் எல்லாம் அவர் பெயர்தான். உள்ளே குழாய்களை அடுக்கிவைத்திருந்தார்கள், ஒரு மூலையில் வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. தகரக் கொட்டகையில் மேசைக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட கனத்த மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் தடிமனான சங்கிலி. நான் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றார்.

"வாங்க அம்மணி. உக்காருங்க. தண்ணி குடிங்க."

"தண்ணி வேண்டாமுங்க."

எங்கள் பக்கத்தில் படியேறி வந்தவர் தண்ணீரை மறுத்தால் பகை என்று அர்த்தம். அது அவருக்கும் தெரியும். நீட்டிய சொம்பை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"ஏனுங்க மெசேஜை நிறுத்திட்டீங்க? தப்பு கண்ணுல படறதில்லீங்களா?"

"படுதுங்க. போன வாரம் ரண்டு வெச்சிருந்தீங்க. பாத்தனுங்க."

அவர் ‘வெச்சிருந்தீங்க’ என்று சொன்னார். ‘உட்டுப்போட்டீங்க’ என்று சொல்லவில்லை. நான் வேண்டுமென்றே செய்தது அவருக்குத் தெரிந்திருந்தது.

"நாஞ்சொல்றனுங்க, கேளுங்க. தப்பு தெரியாமப் பண்றவங்க ஒரே எடத்துலதான் தடுமாறுவாங்க. நீங்க வாரத்துக்கு ஒரு எடத்துல, அளவெடுத்தாப்புல, ஒரே ஒரு சொல்லு. அதை எடுத்துப்போட்டா மீதி கண்ணாடியாட்டம் நிக்குது. அந்தக் கலவரத்துக்கு நான் மத்தியானம் பூராவும் உக்காந்தனுங்க. எதுக்குத் தெரியுங்களா? சாரதாமணி குறிப்புல ஒரு சொல்லு சும்மா நிக்காதுன்னு நம்பித்தான். முட்டைக்கும் எருவுக்கும் நான் சண்டை போட்டிருப்பேன். ஆனா உங்க சொல்லு ஒவ்வொண்ணும் வேலை செய்யும்னு நம்புனேன். வேணுமின்னே கெடுத்திருக்கீங்கன்னு தெரிஞ்சப்ப எனக்கு அசிங்கமாப் போச்சு. மருந்துக் கடையில உக்காந்துக்கிட்டுக் கலப்படம் பண்ணியிருக்கீங்க."

"பக்கத்தை எடுக்கறேன்னாங்க. நீங்க திட்டுனாத்தான் நிக்கும்னாங்க. நான் வேற என்ன பண்றது?"

"எடுத்தா எடுக்கட்டும்னு உட்டிருக்கோணும்."

"உங்களுக்கு என்னங்க, அஞ்சாறு வண்டி ஓடுது, ஊரு பூரா உங்க பேரு ஓடுது. எனக்கு அந்தக் கட்டம் ஒண்ணுதான்."

என் குரல் உடைந்தது. அந்த ஆளின் முன்னால் அது உடைந்ததை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. வெல்டிங் போட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். கைலாசம் சொம்பை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தார்.

"அது இனி உங்களுது இல்லீங்க" என்றார். "அந்தப் பேப்பர்காரத் தம்பி உங்களுக்குச் சொல்லலீங்களா? வர்ற ஞாயித்துக்கெழமையில இருந்து என்னையப் புதிர் போடச் சொல்லியிருக்காங்க."

நான் மேசைக்குக் கிட்டப் போனேன்.

"நீங்க கேட்டு வாங்கிட்டீங்களா?"

"இல்லீங்க. எடிட்டரே கூப்புட்டாரு. அந்தம்மாவுக்கு வயசாகிப்போச்சு, தப்பாவே போடறாங்க, நீங்க போடறீங்களான்னாரு. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. நாஞ்சொன்னேன், அந்தம்மாவுக்குத் தப்பு வராதுங்க, அவிங்க கை அப்பிடிப்பட்ட கை, வேணுமின்னு வெச்சாத்தான் உண்டுன்னு. உங்களுக்காகத்தானுங்க சொன்னேன்."

"சொன்னதுக்கு?"

"அதுக்கப்புறந்தானுங்க எடுத்தாங்க. தெரியாமப் பண்ணுனா மன்னிக்கலாம், படிக்கறவங்கள ஏமாத்துனா வெச்சிருக்க முடியாதுன்னுட்டாரு."

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என்னை இத்தனை நாளில் ஒருவரும் இப்படிப் புகழ்ந்ததில்லை. அந்தப் புகழ்ச்சிதான் என் கழுத்தை அறுத்திருந்தது. "நல்லா இருங்க" என்று வாழ்த்துவதைப் போலச் சபித்துவிட்டு வெளியே வந்தேன். தண்ணீர் கடைசி வரை குடிக்கவில்லை. பஸ்ஸில் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை ‘அமைப்பு: கைலாசம், திருச்செங்கோடு’ என்று வந்தது. பென்சிலும் கையுமாகக் கடையில் உட்கார்ந்தேன். ஒரே ஒரு சும்மாச் சொல் கிடைத்தால் போதும், ஆளைத் தோலை உரித்துத் தொங்கவிட்டுவிடலாம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். இடமிருந்து வலம், முதல் குறிப்பு: ‘மதுவுக்குள் தலைகால் இல்லாத குடி, நோய்க்குக் கொடுப்பது (4)’.

குடி என்றால் அருந்து. தலையும் காலும் போனால் ருந். மதுவுக்கு நடுவில் வைத்தால் மருந்து.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். காலையிலிருந்து இரவு வரை நான் கையில் எடுத்துக் கொடுக்கும் பொருள். அதற்குள் மது இருப்பதும், மதுவுக்குள் குடி இருப்பதும் என் கண்ணில் ஒரு நாளும் படவில்லை. பொறாமையில் கண் எரிந்தது. அதே சமயம் சின்னப் பிள்ளை மாதிரி கால் தரையில் நிற்கவில்லை. மீதியையும் போட்டேன். எல்லாமே அந்தத் தரம். ஒரு சொல்லை அசைக்க முடியவில்லை. அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை காலை அந்த ஒரு மணி நேரத்தில் நான் அவரை வெறுத்த அளவுக்கு யாரையும் வெறுத்ததில்லை. அவ்வளவு சந்தோஷமாகவும் எப்போதும் இருந்ததில்லை.

மார்கழியில் மாதேஸ்வரன் போன் செய்தார். குரலில் பழைய குழைவு.

"மேடம், கோபம் இருக்கும். இருந்தாலும் ஒரு ஹெல்ப். கைலாசம் சார் வந்ததுல இருந்து ஒரு மெசேஜும் இல்ல. சண்டையும் இல்லாமப் போச்சு. இந்த மாசத்தோட புதிரையே நிறுத்திரலாம்னு எடிட்டர் சொல்றாரு. நீங்க ஒரு வாய்ஸ் அனுப்புங்களேன். சாரதாமணி பதிலடின்னு பெருசாப் போட்டுடறேன். ஏதாவது ஒரு தப்பு சொன்னாப் போதும்."

"தப்பு இல்லீங்களே."

"சும்மா எதையாவது சொல்லுங்க மேடம். அவரு உங்களைச் சொல்லலையா?"

"அவரு இல்லாததைச் சொல்லலீங்க. இருந்ததைத்தான் சொன்னாரு. நானும் இருக்கறதைச் சொல்றேன், எழுதிக்குங்க. கைலாசம் புதிர்ல ஒரு தப்புமில்ல. நான் போட்டதைவிட நல்லா இருக்கு. சாரதாமணி சொன்னாங்கன்னு போடுங்க."

மாதேஸ்வரன் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், இதைப் போட்டா சண்டை முடிஞ்சிருச்சுன்னு ஆயிடும். அப்புறம் நிறுத்தறதைத் தவிர வேற வழியில்ல. உங்களுக்குப் புரியுதில்ல?"

"புரியுதுங்க."

"ஒரே ஒரு சின்னத் தப்பு மேடம்…"

"ஒண்ணுமில்லீங்க."

போனை வைத்துவிட்டேன். ஒரு பொய் சொல்லியிருந்தால் அவர் பக்கம் நின்றிருக்கும். நான் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை, அவர் என்னைப் பற்றிச் சொன்ன மாதிரியே. நல்ல எண்ணத்தில் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள நான் தயாராக இல்லை. வேண்டுமென்றுதான் சொன்னேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அப்படி ஒரு புதிரை இந்த ஊரில் யாரும் தரப்போவதில்லை என்று தெரிந்தேதான் சொன்னேன்.

ராசப்பன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு போன்ல?" என்றார். நான் அந்த வாரத்துப் பேப்பரை எடுத்து, கட்டங்களில் பென்சிலால் எழுதியிருந்ததை எல்லாம் ரப்பரால் அழித்தேன். தாள் நைந்துபோகாமல் மெல்ல மெல்ல அழித்தேன். முதலிலிருந்து போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். எல்லா விடைகளும் நினைவில் இருந்தன.